திக்கிப் பேசுனா திருடனா? – வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

போன இதழ்ல ஒரு வரி எழுதியிருந்தேன், டிவில மைக்க நீட்டுனதும் ஒருத்தர் பேந்தப் பேந்த முழிக்கிறத வெச்சு "இவன்தான் செஞ்சிருப்பான்"னு ஹால்ல உக்காந்து தீர்ப்பு சொல்லாதீங்கன்னு. அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் பாத்தா இந்த தடவ வேற எதையும் தொட முடியாது போல. சொத்து பாகப்பிரிவினை கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க மாமா ரிட்டயர்டு ஏட்டு. "நாலு வார்த்த பேச விட்டா போதும்டே, களவாணிப்பய எவன்னு சொல்லிருவேன்"ம்பாரு. நெசமாவே அப்படி கண்டுபிடிக்க முடியுமா சார்?
– வாசகர், பாளையங்கோட்டை

மாமா மேல எனக்கு மரியாதை உண்டு, ஏட்டய்யாக்கள் இல்லாம எந்த ஸ்டேஷனும் ஒரு நாள் ஓடாது. ஆனா இந்த விஷயத்துல மட்டும் நான் அவர் பக்கம் இல்ல. பாண்ட், டிபாலோன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள், ஒருத்தர் பேசுறத பாத்து, கேட்டு அது பொய்யா நெசமான்னு மத்தவங்க சொல்ற மாதிரி அதுவரைக்கும் நடந்த சோதனைகள எல்லாம் ஒண்ணா சேத்து 2006ல கணக்கு போட்டாங்க. கிட்டத்தட்ட 24,000 பேர் தீர்ப்பு சொன்னது அதுல அடக்கம். சரியா சொன்னது 54 சதவீதம். காச சுண்டி விட்டாலே 50 வந்துரும்.

இதவிட சங்கடமான ஒண்ணு 1999ல வந்துச்சு. காசின், ஃபாங்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள ரெண்டு கூட்டமா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு மட்டும் அமெரிக்க போலீஸ் விசாரணைல சொல்லிக் குடுக்குற "பொய் சொல்றவன் இப்படி இழுப்பான், இப்படி பேசுவான்"ங்கற பாடத்த நடத்தி, அப்புறம் ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே விசாரணை வீடியோவ போட்டுக் காட்டுனாங்க. பாடம் படிச்ச கூட்டம்தான் அதிகமா தப்பா சொல்லுச்சு. ஆனா "நான் சொல்றது சரிதான்"ங்கற தைரியம் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி.

மாமாவுக்கு அந்த நம்பிக்கை எங்கேருந்து வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. சந்தேகப்பட்டு பிடிச்சவன் மேல கேஸ் நின்னா "அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு ஞாபகம் இருக்கும், நல்லவன்னு நெனச்சு அனுப்பி வெச்சவன் திரும்பி வந்து "ஏட்டய்யா, செஞ்சது நான்தான்"னு சொல்லவா போறான்? தப்பான கணிப்பு கணக்குலயே ஏறாது.

நான் பொறந்து வளந்தது வியாசர்பாடி. வாய தொறந்தாலே "இன்னா"ன்னுதான் வரும். பைக் காணாம போச்சுன்னு கம்ப்ளைண்ட் குடுக்கப் போனேன், என்னியதான் மேலயும் கீழயும் பாத்தாங்க. கூட வந்த ஃப்ரெண்டு வேற மாதிரி பேசுவான், அவன்கிட்ட "சொல்லுங்க தம்பி". பேச்ச வெச்சு ஆள எடை போடுறத பத்தி யார்னா ஆராய்ச்சி பண்ணிக்கிறாங்களா, இல்ல எனக்குதான் அப்டி தோணுதா?
– வாசகர், சென்னை 39

உங்களுக்கா தோணல தம்பி, இதையே சோதன பண்ணி பாத்திருக்காங்க. நம்ம ஊர்ல இல்ல, இங்கிலாந்துல. அங்க நடுவுல பர்மிங்காம்னு ஒரு தொழிற்சாலை ஊரு, அந்த ஊர்ப் பேச்சுக்கு "பிரம்மி"ன்னு பேரு. எந்த ஊர்ப் பேச்சு கேக்க நல்லாருக்குன்னு அங்க கருத்துக் கணிப்பு எடுத்தா அது பெரும்பாலும் கடைசி வரிசைலதான் நிக்கும். நம்ம சினிமால மெட்ராஸ் பாஷைய ரவுடிக்கும் காமெடியனுக்கும் ஒதுக்கி வெச்ச மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

டிக்சன், மஹோனி, காக்ஸ்னு மூணு பேர் 2002ல வெளியிட்ட ஆராய்ச்சி இது. 1995ல ஒரு பிரிட்டிஷ் ஸ்டேஷன்ல நடந்த விசாரணையோட எழுத்துப் பிரதிய எடுத்து, அத வெச்சு ரெண்டு நிமிஷ டேப் ஒண்ணு தயார் பண்ணாங்க. இன்ஸ்பெக்டர் கேள்வி கேப்பாரு, சந்தேகத்துல பிடிபட்டவன் "நான் செய்யல"ன்னு மறுப்பான், அவ்வளவுதான் டேப். அத ரெண்டு விதமா பதிவு பண்ணாங்க. ஒண்ணுல சந்தேக நபர் பிரம்மில பேசுறான், இன்னொண்ணுல ரேடியோ செய்தில வர்ற மாதிரி "சுத்தமான" இங்கிலீஷ்ல. வார்த்தை ஒண்ணுகூட மாறல, பேசுனதும் ஒரே ஆள்தான், ரெண்டு பேச்சும் இயல்பா வர்ற ஒருத்தர பிடிச்சு பேச வெச்சிருக்காங்க, இல்லேன்னா குரல் நல்லால்ல அது இதுன்னு யாராச்சும் சாக்கு சொல்லுவாங்கல்ல. கேட்டவங்க வூஸ்டர் ஊர்ல காலேஜ் படிக்கிற 119 பேர், எல்லாரும் வெள்ளக்காரங்க, பர்மிங்காம்ல வளந்தவங்கள விலக்கிட்டாங்க. கேட்டு முடிச்சதும் இவன் குற்றவாளியா நிரபராதியான்னு ஏழு படி அளவுல ஒரு எடத்துல குறி போடணும்.

பிரம்மில பேசுனவனத்தான் அதிகமா குற்றவாளின்னு குறிச்சாங்க. அதோட விடல, சில பேர்கிட்ட சந்தேக நபர் கறுப்பினத்தவர்னும் சில பேர்கிட்ட வெள்ளக்காரர்னும் சொல்லியிருந்தாங்க, கேஸும் சில பேருக்கு ஆயுதம் காட்டி கொள்ள, சில பேருக்கு செக் மோசடி. பிரம்மி பேச்சு, கறுப்பு ஆளு, ஆயுதக் கொள்ள, இந்த மூணும் ஒண்ணா சேந்த டேப்புக்குத்தான் இருக்குறதுலயே பெரிய மார்க்கு. இதுல எனக்கு உறுத்துறது என்னன்னா, அந்த டேப்ல சாட்சியமே கெடையாது. கைரேகை இல்ல, பாத்தவங்க இல்ல, ஒண்ணும் இல்ல. "எனக்கு தெரியல, முடிவு சொல்ல முடியாது"ன்னு நட்ட நடு எண்ணுல குறி போடுறதுதான் நியாயம்.

காலேஜ் பசங்க டேப் கேட்டு மார்க் போட்டதும் கோர்ட்டு தீர்ப்பும் ஒண்ணான்னு கேட்டா, இல்லதான். ஆனா உங்கள ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தர் எடை போட எடுத்துக்குற நேரமும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருக்காது. கம்ப்ளைண்ட எழுத்துல குடுங்க, கம்ப்ளைண்ட வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சியா குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளிய வராதீங்க, காகிதத்துக்கு பாஷை கெடையாது. அதுக்காக உங்க பேச்ச மாத்திக்கோங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

அப்ப இங்கிலீஷ்ல பேசுறவன் தப்பிச்சுருவான்னு சொல்றீங்களா?
– வாசகர், நாமக்கல்

இங்கிலீஷ்னு இல்ல, தயங்காம பேசுறவன். 1970கள்ல அமெரிக்காவுல வட கரோலினா கோர்ட்டுகள்ல வில்லியம் ஓபார்னு ஒரு மானிடவியல் பேராசிரியரும் அவர் கூட்டமும் விசாரணைகள டேப் பண்ணி, யார் எப்படி பேசுறாங்கன்னு பிரிச்சுப் பாத்தாங்க. "வந்து… அப்படித்தான் நெனக்கிறேன்… ஒருவேள இருக்கலாங்க"ன்னு இழுத்து, ரொம்ப மரியாதை காட்டி பேசுறவங்க ஒரு வகை, "ஆமா, ஏழு மணி, நான்தான் பாத்தேன்"னு பட்டுனு பேசுறவங்க இன்னொரு வகை. அப்புறம் ஒரே சாட்சியத்த ரெண்டு விதமாவும் நடிகர்கள வெச்சு பதிவு பண்ணி கேக்க விட்டா, பட்டுனு பேசுனவங்களத்தான் எல்லாரும் நம்புனாங்க. இழுத்துப் பேசுறது பொம்பளைங்க பழக்கம்னு அந்தக் காலத்துல ஒரு பேச்சு இருந்துச்சு, ஓபார் பாத்தப்ப அதுவும் முழுசா சரியில்ல, கூலி வேல பாக்குறவங்க, படிக்காதவங்க, வேலை இல்லாதவங்க ஆம்பளையா இருந்தாலும் அப்படித்தான் பேசுறாங்க, டாக்டரம்மா கூண்டுல ஏறுனா பட்டுனு பேசுறாங்க. வாழ்க்க பூரா யார்கிட்டயாவது கையக் கட்டி நின்னு பேசுனவங்க கூண்டுலயும் அப்படித்தானே நிப்பாங்க.

என் வீட்டுக்காரர் ராத்திரி நெஞ்சுவலில தவறிட்டார். போலீஸ் வந்து கேட்டப்ப எத்தன மணிக்கு மாத்திர குடுத்தேன், எத்தன மணிக்கு 108க்கு போன் போட்டேன்னு வரிசையா சொன்னேன். அப்ப அழுக வரல. ரெண்டு வருஷமாகியும் நாத்தனார் "எவ்ளோ நிதானமா ஒப்பிச்சா பாத்தியா"ன்னு பேசிட்டே இருக்காங்க. நிதானமா பேசுனது தப்பா சார்?
– வாசகி, கும்பகோணம்

தப்பே இல்லம்மா. அதிர்ச்சில சில பேருக்கு குரல் ஒடைஞ்சு போகும், சில பேருக்கு மரத்துப் போகும். நீங்க கேட்டதால ஒரு கேஸ் சொல்றேன், உங்க நாத்தனார் கிட்ட படிக்கக் குடுங்க.

1980 ஆகஸ்ட் 17, ஆஸ்திரேலியா நடுவுல இருக்குற உலுரு பாறை. லிண்டி சேம்பர்லின்னு ஒரு அம்மா, புருஷன், பிள்ளைங்களோட டூர் போயி கூடாரம் போட்டு தங்கியிருந்தாங்க. ராத்திரி கூடாரத்துல தூங்கிட்டு இருந்த ஒன்பது வார பெண் கொழந்த அஸேரியாவ காணோம். டிங்கோன்னு அங்க ஒரு காட்டு நாய், அது தூக்கிட்டுப் போச்சுன்னு அந்தம்மா அப்பவே அலறுனாங்க. மொதல் விசாரணைல மாஜிஸ்திரேட்டும் அதையேதான் சொன்னார், அந்த முடிவ டிவிலயே காட்டுனாங்க. ஆனா ஊரு விடல. டிவி பேட்டில அந்தம்மா அழல, குரல் தட்டையா இருக்கு, டிங்கோ எப்படி செஞ்சிருக்கும்னு பாடம் நடத்துற மாதிரி விளக்குறா, வக்கீல் மடக்குனா வெடுக்குனு திருப்பிப் பேசுறா, பெத்தவ இப்படியா பேசுவா? போதாக்குறைக்கு அவங்க ஏழாம் நாள் சபைக்காரங்க, கொழந்தைய நரபலி குடுத்துட்டாங்கன்னு வேற கதை.

அப்புறம் காருக்குள்ள பச்சக் கொழந்த ரத்தம் தெறிச்சிருக்குன்னு தடயவியல் ரிப்போர்ட் வந்துச்சு. 1982 அக்டோபர்ல டார்வின் கோர்ட்டுல ஆயுள் தண்டனை, அப்ப அந்தம்மா நிறைமாத கர்ப்பிணி. 1986ல பாறைலேருந்து விழுந்து செத்த ஒரு டூரிஸ்ட்டோட உடம்ப தேடிட்டு இருந்தப்ப, டிங்கோ குகைங்க இருக்குற பக்கம் அந்தக் கொழந்தையோட மேல்சட்டை கெடச்சுது. கொழந்த போட்டிருந்துச்சுன்னு அந்தம்மா ஆரம்பத்துலேருந்து சொன்ன சட்டை, யாரும் நம்பாத சட்டை. உடனே விடுதலை. கார்ல இருந்த "ரத்தம்" பெரும்பாலும், வண்டில சத்தம் வராம இருக்க கம்பெனில அடிச்ச தார் மாதிரி பூச்சு. 1988ல தண்டனை ரத்து, 2012 ஜூன்லதான் டிங்கோதான் காரணம்னு அதிகாரபூர்வமா எழுதுனாங்க, 32 வருஷம் கழிச்சு.

நம்ம நாட்டுலயும் நொய்டாவுல ஆருஷிங்கற பொண்ணு கொலையான கேஸ்ல 2008ல அவங்கம்மா நூபுர் தல்வார் டிவில அழாம பேசுனாங்கன்னு நாடே பேசுச்சு. 2013ல தண்டனை, 2017 அக்டோபர்ல அலகாபாத் ஹைகோர்ட் அப்பா அம்மா ரெண்டு பேரையும் விடுதலை பண்ணுச்சு. இதுல வேடிக்கை, அழுதாலும் விட மாட்டாங்க, "என்னமா நடிக்கிறா"ம்பாங்க. அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்துல ஒரு போலீஸ் அதிகாரி 911 எமர்ஜென்சி போன் பேச்ச வெச்சே கொலகாரன கண்டுபிடிக்கலாம்னு 100 போன் கால கேட்டு ஒரு பட்டியல் போட்டு நாடு பூரா போலீசுக்கு வகுப்பு எடுத்துட்டு இருந்தார், ரொம்ப மரியாதையா பேசுனாகூட சந்தேகமாம். ப்ரோபப்ளிகாங்கற செய்தி நிறுவனம் 2022ல அத அம்பலப்படுத்துச்சு, மத்தவங்க திரும்ப சோதிச்சப்ப அந்தப் பட்டியல் நிக்கவே இல்ல.

உங்க வீட்டுக்காரர் விஷயத்துல டாக்டர் சர்டிபிகேட் இருக்கு, 108 போன நேரம் பதிவுல இருக்கு. அதுக்கு மேல நாத்தனாருக்கு பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல.

கோவலன் வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசியிருந்தா தப்பிச்சிருப்பானோ?
– தமிழாசிரியர், மதுரை

ஐயா, உங்களுக்கு தெரியாததா. கொலைக்களக் காதைய எப்பப் படிச்சாலும் எனக்கு ஒரு கிரிமினல் கேஸ் கட்ட பிரிச்சுப் பாக்குற மாதிரிதான் இருக்கும். காவலர்கள் கோவலன பாத்துட்டு "கொலைப்படு மகன் அலன்"னு சொல்லிடறாங்க, இவன பாத்தா களவாணி மாதிரி இல்லையேன்னு. அங்கேயே முடிஞ்சிருக்கணும். ஆனா பொற்கொல்லன் சிரிச்சுக்கிட்டே ஆரம்பிக்கிறான் பாருங்க, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவின்னு களவுக்கு எட்டு தொண வரிசையா அடுக்கி, இந்திரன் மார்புல கெடக்குற ஆரத்தக்கூட எடுத்துருவாங்கங்கற வரைக்கும் போயி, நிபுணர் சாட்சி மாதிரி ஒரு பேச்சு. உண்மையான களவாணி அவன். கேட்டவங்க மயங்கி, கடைசில குடிகாரன் ஒருத்தன் வாள வீசிட்டான். அந்தக் காட்சில கோவலனுக்கு ஒரு வரி பேச்சுகூட இளங்கோ குடுக்கல. அவன் பேசியிருந்தாலும் அந்த எட்டு அடுக்குக்கு முன்னாடி எடுபட்டிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். ஒண்ணு கவனிங்க, காவலர்கள் சரியா சொன்னதும் தோற்றத்த வெச்சுத்தான், தப்பா போனதும் பேச்ச வெச்சுத்தான், ரெண்டுலயும் செலம்ப எடுத்து ஒடச்சுப் பாக்க யாருக்கும் தோணல. அத கண்ணகிதான் செய்ய வேண்டியிருந்துச்சு.

சட்டக் கல்லூரி மூணாவது வருஷம் படிக்கிறேன். கோர்ட்டுல க்ராஸ், அதான் குறுக்கு விசாரணை, பாக்கப் போனா கிராமத்து சாட்சிங்க எல்லாத்துக்கும் "ஆமாங்க" "ஆமாங்க"ன்னே சொல்றாங்க. ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?
– மாணவி, திருச்சி

இல்லம்மா, இத இப்பவே புரிஞ்சுக்கிட்டா நல்ல வக்கீலா வருவீங்க. ஆஸ்திரேலியாவுல டயானா ஈட்ஸ்னு ஒரு மொழியியல் அறிஞர் அங்க இருக்குற ஆதிக்குடிகள் கோர்ட்டுல எப்படி பேசுறாங்கன்னு பல வருஷமா கவனிச்சவங்க. கேள்வி புரிஞ்சாலும் புரியாட்டியும் பெரியவங்க, அதிகாரத்துல இருக்குறவங்க கேட்டா "ஆமா"ன்னு சொல்லி தொந்தரவ முடிச்சுக்கறது அவங்க பழக்கம், அதே மாதிரி பதிலுக்கு முன்னாடி ரொம்ப நேரம் பேசாம இருக்கறதும் சாதாரணம். கோர்ட்டுல மொதலாவது சம்மதமாவும், ரெண்டாவது மறைக்கிறதாவும் போயி சேருது. அங்க குவீன்ஸ்லாந்துல மவுண்ட் ஐசாவுல 1983ல ஒரு ஆதிக்குடி ஆள் கொல பண்ணதா ஒத்துக்கிட்டாருன்னு போலீஸ் டைப் அடிச்ச வாக்குமூலத்துல இருந்த இங்கிலீஷ் நடை அவர் பேசுற நடையே இல்லன்னு ஈட்ஸ் காட்டுனாங்க, அந்த ஆள் வெளிய வந்தது 1990ல.

நம்ம கோர்ட்டுல இன்னொரு அடுக்கு இருக்கு. சாட்சி வாயால சொல்றது ஒண்ணு, டெபாசிஷன்ல, அதாவது கோர்ட்டு எழுதி வெக்கிற சாட்சியப் பதிவுல, ஏறுறது "நான் சம்பவ இடத்தில் இல்லை என்றும், எதிரிக்கு விரோதமாக பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல". எந்த ஊர்ல யாரு இப்படி பேசுறாங்க? "ஐயோ சாமி, நான் அங்கனதான் நின்னேன்"னு அந்தப் பாட்டி சொன்னது இந்த வரிக்குள்ள எங்க இருக்குன்னு தேடணும். சாட்சி நடந்துக்கிட்ட விதத்த பத்தி ஜட்ஜ் குறிப்பு எழுதலாம்னு சட்டத்துல இடம் இருக்கு, ஆனா அப்பீல்ல படிக்கிற ஹைகோர்ட்டு ஜட்ஜுக்கு அந்தக் குரல் போயி சேராது. க்ராஸ்ல "ஆமா" வாங்கறது சுலபம். உங்க பக்க சாட்சியா இருந்தா க்ராஸ் முடிஞ்சதும் வர்ற மறு விசாரணைல எழுந்து "எங்க நின்னீங்க, என்ன பாத்தீங்க"ன்னு தெறந்த கேள்வியா கேளுங்க, அப்ப சொந்த வார்த்தைல வரும்.

போலீஸ் கூட்டிட்டுப் போனா "வக்கீல் வேணும்"னு கேக்கலாமாமே? எங்களுக்கெல்லாம் அப்படி அதிகாரமா கேக்க வாய் வராதே சார்.
– வாசகர், சிவகாசி

வராதுதான், ஆனா வரவழைக்கணும். அமெரிக்காவுல 1994ல டேவிஸ்னு ஒரு கேஸ், விசாரணைல ஒருத்தர் "நான் ஒருவேள வக்கீல்கிட்ட பேசணுமோ என்னவோ"ங்கற மாதிரி சொன்னாரு, அது தெளிவா கேட்டதா ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2017ல லூசியானாவுல ஒருத்தர் "எனக்கு வக்கீல குடுங்கப்பா"ங்கற அர்த்தத்துல அவங்க தெருப் பேச்சுல கடைசில "டாக்"னு, நம்ம "மச்சி" மாதிரி, ஒரு வார்த்த சேத்துட்டாரு. அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர் மனுவ எடுத்துக்கல, ஒரு நீதிபதி "வக்கீல் நாய்" கேட்டது தெளிவான கோரிக்கை இல்லன்னே எழுதி வெச்சாரு! வருஷக்கணக்கா அத சொல்லி சிரிக்கிறாங்க, உள்ள இருந்தவருக்கு சிரிப்பு வந்திருக்காது. நம்ம சட்டப்படி கைதானவர் விசாரணை நடக்குறப்ப தன் வக்கீல சந்திக்கலாம், பூரா நேரமும் பக்கத்துல வெச்சுக்க முடியாட்டியும். "வேணா பாக்கலாமுங்களா"ன்னு இழுக்காதீங்க, "என் வக்கீல நான் பாக்கணும்"னு ஒரே வரி.

எனக்கு வயசு 28, சின்ன வயசுலேருந்தே திக்குவாய். கம்பெனில பணம் காணாம போனதுல எல்லாரையும் விசாரிக்க ஸ்டேஷனுக்கு கூப்பிட்டு இருக்காங்க. பயந்தா ஒரு வார்த்தகூட வராது. அத வெச்சே என்ன பிடிச்சுருவாங்களோன்னு தூக்கமே இல்ல.
– வாசகர், திருப்பூர்

தம்பி, மொத வேலையா, போன ஒடனே, கேள்வி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே "எனக்கு பேச்சு திக்கும், சின்ன வயசுலேருந்தே இருக்கு, கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு சொல்லிருங்க. வாயால வராதுன்னா ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து, தேதி போட்டு ரெண்டு காப்பியா கொண்டு போங்க, ஒண்ணு குடுத்துட்டு இன்னொண்ண வெச்சுக்கோங்க. ஸ்பீச் தெரபிஸ்ட்ட பாத்த சீட்டு இருந்தா நகல் எடுத்து சேத்துக்கோங்க. திக்கறதுக்கும் பொய்க்கும் சம்பந்தம் இல்ல, ஆனா தெரியாத ஆளுக்கு அது தடுமாற்றமாத்தான் தெரியும், அதனால முன்னாடியே சொல்லி வெக்கிறது நல்லது.

அன்னைக்கு எங்க இருந்தீங்க, யார்கிட்ட சாவி இருந்துச்சு, எத்தன மணிக்கு பஞ்ச் பண்ணி வெளிய வந்தீங்க, இதெல்லாம் வீட்டுலயே உக்காந்து எழுதி வெச்சுக்கோங்க, தெரியாதத தெரியாதுன்னே சொல்லுங்க. விசாரணைல நீங்க சொல்றத போலீஸ் எழுதுனா அதுல உங்க கையெழுத்து வாங்கக் கூடாதுங்கறது சட்டம், கேட்டா மரியாதையா மறுக்கலாம். போலீஸ்கிட்ட குற்றத்த ஒத்துக்கிட்டதா சொல்ற வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாது, புது சாட்சியச் சட்டத்துல 23வது பிரிவு அது. அதுல ஒரு ஓட்டை இருக்கு, நீங்க சொல்லி ஒரு பொருள எடுத்ததா காட்டுனா அந்தப் பகுதி மட்டும் உள்ள வரும், அதனால "அங்க இருக்கலாம், இங்க இருக்கலாம்"னு ஊகமா எதையும் ஒளறாதீங்க.

அண்ணன், மாமா யாரையாவது கூட கூட்டிட்டுப் போயி வெளிய உக்கார வெச்சுக்கோங்க, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம் ரெண்டையும் அவங்க குறிச்சுக்கட்டும். 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் சத்தத்தோட பதிவாகுற கேமரா இருக்கணும், பதிவ 18 மாசம், முடியாத எடத்துல கொறஞ்சது ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. உங்கள மெரட்டுனாலோ நீங்க சொல்லாதத சொன்னதா எழுதுனாலோ ஒரு வாரத்துக்குள்ள தேதி, நேரம் போட்டு அந்தப் பதிவ பத்திரப்படுத்தி காப்பி குடுக்கச் சொல்லி எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ரிஜிஸ்டர் தபால்ல மனு அனுப்புங்க. தபால் ரசீத தொலச்சுராதீங்க.